பத்தொன்பது கொடியவர்கள்

கடலுக்கு எட்டாத மேட்டு நிலத்தில் கோமுடி என்றொரு நாடு இருந்தது. அதற்கு ஒரு மன்னர், ஒன்பது அமைச்சர்கள், ஒரு சிறைச்சாலை. மன்னர் பரம்பரை வழியாக வந்தவர். அமைச்சர்கள் தேர்தல் வழியாக வந்தவர்கள். சிறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வந்து போனவர்கள். ஆகவே அந்த நாட்டில் எங்கே போனாலும் புதுமுகம் என்பது அபூர்வம்.

சிறைக்கு அரசாங்கம் வைத்த பெயர் நல்வழி மாளிகை. அங்கே முப்பத்தொரு ஆண்டுகளாக நாவிதராக இருந்தவர் பூவலிங்கம். உள்ளே வருகிற எவரும் முதல் நாள் காலையில் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து, தலையையும் தாடையையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பூவலிங்கத்துக்கு எழுத்து தெரியாது. முகம் தெரியும். தொண்டைக்குழியில் கத்தி நிற்கும்போது யாரும் பொய் சொல்வதில்லை என்பது அவர் அனுபவம்.

"என்னப்பா, இந்தத் தடவை என்ன?" என்று கேட்பார். அவர்களும் சொல்வார்கள்.

கேட்டுக் கேட்டு அவருக்குச் சில விஷயங்கள் பிடிபட்டிருந்தன. தேங்காய் திருடி வந்தவன் மறுபடி தேங்காய் திருடித்தான் வருகிறான். பூட்டுத் திறந்தவன் அடுத்த முறையும் பூட்டைத்தான் திறக்கிறான். பத்துத் தடவை வந்தாலும் ஒரு ஆளைத் தொடுவதில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆத்திரத்தில் ஒரே ஒரு கொலை செய்துவிட்டு வருகிறவர்கள் சிலர். அவர்கள் கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனால் திரும்ப வருவதில்லை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் திருடவும் செய்வார்கள், தீ வைக்கவும் செய்வார்கள், ஏமாற்றவும் செய்வார்கள். எதைச் செய்தாலும் கூடவே யாரையாவது அடித்திருப்பார்கள். விசாரித்தால் முதல் அடி வாங்கியவள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். ஆனால் அவர்கள் சிறைக்கு அதிகத் தடவை வருவதில்லை. காரணம் எளிது. அவர்கள்மேல் புகார் சொல்ல ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை.

முதல் வகைக்குச் சின்னாண்டியைச் சொல்லலாம். அவன் கோழித் திருடன். இருபத்தாறு தடவை உள்ளே வந்தவன். பத்தொன்பதாவது தடவை அவன் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அடுப்பங்கரைக் கூரையில் தீப்பற்றியது. சின்னாண்டி ஓடவில்லை. கத்திக் கூப்பாடு போட்டு எல்லாரையும் எழுப்பினான். ஒரு கையில் அந்த வீட்டுக் கைக்குழந்தை, மறு கக்கத்தில் கோழி என்று தெருவுக்கு வந்து நின்றான். குழந்தைக்காக ஊரார் அவன் காலில் விழுந்தார்கள். கோழிக்காக நீதிமன்றம் ஆறு மாதம் கொடுத்தது.

"கோழிய விட்டுட்டுப் புள்ளைய மட்டும் தூக்கியிருக்கலாம்லடா?" என்று கேட்டார் பூவலிங்கம்.

"அதுவும் உயிருதானே அண்ணே" என்றான் அவன்.

மூன்றாவது வகைக்கு வயிரவனைச் சொல்ல வேண்டும். அவன் இரண்டே தடவைதான் வந்தான். முதல் தடவை சந்தையில் ஒருவனுடைய கையை முறித்துவிட்டு. இரண்டாவது தடவை சாட்சி சொன்னவனுடைய கையை முறித்துவிட்டு. அவன் கழுத்தில் கத்தி வைக்கும்போதெல்லாம் பூவலிங்கத்துக்குத் தன் கழுத்துதான் கூசும்.

விஷயம் இப்படி இருக்கையில் ஊரவைத் தேர்தல் நெருங்கியது. அதே சமயம் அரச வீதியில் பட்டப்பகலில் ஒரு வணிகரை அடித்துப் போட்டுவிட்டுச் சிலர் ஓடிவிட்டார்கள். மக்கள் பயந்தார்கள். மக்கள் பயப்படுவதைக் கண்டு அமைச்சர்கள் அதைவிடப் பயந்தார்கள். சட்ட அமைச்சர் நன்னெறிச்செல்வர் மன்னர் முன்னால் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் தொண்டையைச் செருமிக்கொள்ளவே கால் நாழிகை ஆகும்.

"மாமன்னா! நாட்டில் வன்முறை பெருகிவிட்டது. கொடியவரையும் மெல்லியவரையும் பிரித்தறிய நம்மிடம் அளவுகோல் இல்லாததே காரணம். அந்த அளவுகோலை அடியேன் கண்டுபிடித்துவிட்டேன்."

"என்ன அது?" என்றார் மன்னர் விசயகம்பீரர். அவர் கெட்டவர் அல்லர். எதையும் விசாரிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

"எண்ணிக்கை, மன்னா. அதிகத் தடவை சிறைக்கு வந்தவன் கொடியவன். குறைந்த தடவை வந்தவன் மெல்லியவன். இதைவிடத் துல்லியமாக ஒரு மனிதனை அளக்க இயலாது."

சட்டம் வந்தது. மூன்று தடவைக்கு மேல் வந்தவர்கள் அனைவரும் கொடியவர் என்று அறிவிக்கப்பட்டு, காலில் சங்கிலியுடன் கீழ்க்கட்டுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களைக் காவல் காக்க ஆள் பற்றாது என்பதால், மெல்லியவர்களிலிருந்து மேற்பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். வயிரவனுக்குச் சாவிக்கொத்தும் சவுக்கும் வழங்கப்பட்டன. விழாவில் அமைச்சரே மாலை போட்டார்.

ஒரே மாதத்தில் கீழ்க்கட்டில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிந்தது. சின்னாண்டியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கஞ்சியில் உப்பு இல்லை என்று முகம் சுளித்தானாம்.

செய்தி அமைச்சரவைக்குப் போனது. நன்னெறிச்செல்வர் ஆழ்ந்து ஆராய்ந்தார். "எலும்பு முறிவுகள் எங்கே நிகழ்ந்தன? கொடியவர்கள் இருக்குமிடத்தில். அப்படியானால் வன்முறைக்குக் காரணம் யார்?" என்று கேட்டு, தாமே விடையும் சொன்னார். இரண்டாவது சட்டம் வந்தது. அதன்படி, காயம் பட்ட ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு வன்முறைச் சம்பவம் பதியப்பட்டது. சின்னாண்டி பெயரில் மூன்று, விரலுக்கு ஒன்றாக.

வன்முறை இப்படித் தாளில் ஏற ஏற, நாட்டில் அச்சமும் ஏறியது. மூன்றாவது சட்டம் வந்தது. கொடியவரில் தலைசிறந்த பத்தொன்பது பேர் உவர்ப்பள்ளத்துக்கு அனுப்பப்படுவார்கள். உவர்ப்பள்ளம் என்பது நாட்டின் வடக்கு எல்லையில் இருந்த உப்புக் குழி. அங்கே போனவர்களைப் பற்றிப் பிறகு யாரும் பேசியதில்லை. பேசுவதற்கு அவர்கள் திரும்பியதில்லை.

ஆனால் மன்னரின் பாட்டனார் எழுதி வைத்த ஒரு விதி குறுக்கே வந்தது. ஒருவனை உவர்ப்பள்ளத்துக்கு அனுப்ப வேண்டுமானால், அவனோடு பத்து ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒருவர் 'இவன் ஆள்களுக்குத் தீங்கு செய்பவன்' என்று கைநாட்டு வைக்க வேண்டும். சிறை அதிகாரிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறினார்கள். பத்து ஆண்டு பழகியவர் என்று தேடியபோது மாளிகையில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

நன்னெறிச்செல்வர் பல்லக்கில் வந்து இறங்கி, முற்றத்துக் கல்லருகே ஓலையை நீட்டினார்.

"நாவிதரே, பத்தொன்பது பெயர்கள். கீழே உம் பெருவிரலைப் பதியும்."

"யார் யாருங்க?"

எழுத்தர் ஒருவர் படித்தார். தேங்காய்க்காரன், பூட்டுத் திறப்பவன், கோயில் விளக்கு எண்ணெய் எடுப்பவன், அரச முத்திரையை அச்சு அசலாக வெட்டத் தெரிந்தவன் என்று போய்ப் பட்டியல் சின்னாண்டியில் முடிந்தது.

பூவலிங்கம் கைத் துண்டில் விரலைத் துடைத்தார். பதிப்பதற்கு என்று அமைச்சர் நினைத்தார்.

"ஐயா, இதுல ரெண்டு பேருக்கு வைக்கிறேன். அஞ்சாவது ஆளு, பதினாலாவது ஆளு. அவனுக ரெண்டு பேரும் வந்தப்பல்லாம் யாரையாவது அடிச்சுட்டுத்தான் வந்தானுக. மிச்சம் பதினேழு பேருக்கு வைக்க முடியாதுங்க."

"ஏன்?"

"அவங்க திருடனுங்கதான். ஆனா ஆளத் தொட மாட்டாங்க."

அமைச்சர் பொறுமையாகச் சிரித்தார். "உமக்குச் சட்டம் தெரியாது. கொடியவனை மறைப்பவனும் கொடியவனே. பட்டியலில் இருபதாவது வரி காலியாக இருக்கிறது. நாளை முற்பகல் அரசவையில் மன்னர் முன்னிலையில் பதிந்தால் போதும். யோசித்து வாரும்."

மறுநாள் காலையில் பூவலிங்கம் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார். மனைவி சொர்ணத்தாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

"என்னைக் கேக்காதீங்க. வச்சீங்கன்னா பதினேழு பேரு பொண்டாட்டி முகத்துல நான் முழிக்க முடியாது. வைக்கலேன்னா உங்க முகத்தப் பாக்க முடியாது. ரெண்டுல எது வேணும்னு நான் எப்படிச் சொல்ல?" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, "போறதுதான் போறீங்க, வெளுத்த வேட்டியக் கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வழக்கம்போல, கத்தியும் தீட்டுக்கல்லும் வைத்த அடைப்பப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அரசவையில் ஒன்பது அமைச்சர்களும் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். பத்தொன்பது பேரும் சங்கிலியோடு நிறுத்தப்பட்டிருந்தார்கள். பக்கத்தில் சாவிக்கொத்தோடு வயிரவன் நின்றான். நன்னெறிச்செல்வர் ஓலையைத் தங்கத் தட்டில் வைத்து நீட்டினார்.

பூவலிங்கம் இரண்டு பெயருக்கு நேரே பெருவிரலைப் பதித்தார். தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"மற்றவை?" என்றார் மன்னர்.

"மகாராசா, நான் படிச்சவன் இல்லீங்க. ஆனா முப்பத்தொரு வருஷமா இவங்க எல்லாரும் என் கத்திக்குக் கீழ உக்காந்திருக்காங்க. இன்னைக்கு மாத்தி உக்காந்து பாக்கலாம்னு வந்தேன்."

"புரியவில்லை."

"நான் கீழ உக்காருறேன். இந்தப் பதினேழு பேரும் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் என் கத்திய எடுத்து என் தாடையில ஒரு இழுப்பு இழுக்கட்டும். இவங்க கொடியவங்கன்னா, இத விட நல்ல சமயம் அவங்களுக்குக் கெடைக்காது. எவனாவது மனசறிஞ்சு கத்திய எறக்கினா, நான் கைநாட்டு வைக்க வேண்டிய வேலையே இருக்காது. உங்க கண்ணால பாத்துருவீங்க."

அவையில் ஒரு சலசலப்பு. "அபாயம்! அரசவையில் ஆயுதம்!" என்றார் நன்னெறிச்செல்வர். மன்னருக்கோ பல ஆண்டுகளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை விசாரிக்க வேண்டும்போல் இருந்தது. "உட்காரும்" என்றார்.

பூவலிங்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தண்ணீர் தொட்டு முகத்தை நனைத்து, கத்தியைத் தீட்டினார். பிறகு அதைக் கைப்பிடி வெளியே இருக்கும்படி நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். வெளுத்த வேட்டியின் மேல் அவருடைய கைகள் இரண்டும் சும்மா கிடந்தன. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டு தான் பார்த்தது பொய்யாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது பொய்யாகிவிட்டால் அப்புறம் கழுத்து இருந்து என்ன என்றும் தோன்றியது.

தேங்காய்க்காரன் முதலில் வந்தான். கத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காதோரம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நகர்ந்தான். பூட்டுத் திறப்பவன் இழுத்த மென்மையில் பூவலிங்கத்துக்குக் கத்தி பட்டதே தெரியவில்லை. எண்ணெய் எடுப்பவன் தன் முறை வந்ததும், "எனக்குக் கை நடுங்குது, அண்ணே, வேண்டாம்" என்றான். "பரவால்ல, மெதுவா" என்றார் இவர். முத்திரை வெட்டுபவன் மீசையோரத்தைக் கோடு போட்டதுபோல் திருத்தியதில், வரிசையில் இருந்த ஒரு அமைச்சர் தம்மை மறந்து "நன்று" என்று சொல்லிவிட்டார்.

பதினாறு பேர் முடிந்தார்கள்.

கடைசியில் சின்னாண்டி வந்தான். வலது கையில் கத்தி பிடிக்க விரல் இல்லை. இடது கையால் கத்தியை வாங்கினான். பழக்கமில்லாத கை. வயிரவன் ஓரடி முன்னால் வந்து சவுக்கை உதறிய சத்தத்தில் அந்தக் கை துள்ளியது. தாடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு எழும்பி, சொட்டாகத் திரண்டு, வெளுத்த வேட்டியில் விழுந்தது.

"இரத்தம்!" என்று நன்னெறிச்செல்வர் குதித்து எழுந்தார். "மாமன்னா, நிரூபணம்! இருபத்தாறு தடவை வந்தவன்!"

சின்னாண்டி கத்தியைத் தரையில் வைத்துவிட்டான். காயத்தைத் தன் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே, தெரியாமப் பட்டுருச்சு அண்ணே" என்று தேம்பித் தேம்பி அழுதான்.

"சும்மா இருடா. நான் தொழில் பழகின வருஷம் இத விட எவ்வளவோ வெட்டியிருக்கேன்" என்றார் பூவலிங்கம். தலையை இன்னும் நிமிர்த்தவில்லை. "இழுப்ப முடி."

மன்னர் அரியணையிலிருந்து முன்னால் குனிந்திருந்தார். "அவன் ஏன் அழுகிறான்?"

"வெட்டிட்டான்ல, அதுக்குங்க."

மன்னர் அமைச்சர்களின் வரிசையைப் பார்த்தார். "வெட்டியதற்காக ஒருவர் அழுவதை இந்த அவையில் நான் இதுவரை பார்த்ததில்லை" என்றார்.

அப்புறம் சாவிக்கொத்தோடு நின்ற வயிரவனைக் காட்டி, "இவனிடமும் கத்தியைக் கொடுக்கலாமா? இவன் இரண்டே தடவை வந்த மெல்லியவனாயிற்றே" என்று கேட்டார்.

பூவலிங்கம் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டினார். "கொடுங்க மகாராசா. ஆனா நான் உக்கார மாட்டேன். சட்ட அமைச்சர் ஐயா வேணா உக்காரட்டும். மாலை போட்டவரு அவருதானே."

நன்னெறிச்செல்வருக்குத் திடீரென்று தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. செருமினார். நெடுநேரம் செருமினார். உட்காரவில்லை.

மன்னர் ஓலையை வாங்கிப் பதினேழு பெயர்களையும் அடித்தார். சங்கிலிகள் அங்கேயே கழற்றப்பட்டன. கோழிக்கும் தேங்காய்க்கும் உரிய மிச்சத் தண்டனையை அவர்கள் சங்கிலி இல்லாமல் அனுபவித்தால் போதும் என்றார். கைநாட்டு வைக்கப்பட்ட இருவரும் மறுவாரம் வடக்கே போனார்கள். வயிரவனிடமிருந்து சாவியும் சவுக்கும் பிடுங்கப்பட்டன. பூவலிங்கம் வீடு திரும்பி, தாடையில் துணி ஒட்டியபடி, காலையில் விட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார். சொர்ணத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டியில் இருந்த கறையைத் துவைக்க மட்டும் மறுத்துவிட்டாள்.

ஆனால் கோமுடி நாட்டில் எந்த நியாயமும் தேர்தலைத் தாண்டி நிற்பதில்லை. அடுத்த மாதம், தண்டனை முடிந்து வெளியே வந்த வயிரவன் ஊரவைக்கு வேட்பாளராக நிறுத்தப்பட்டான். 'இரண்டே முறை சிறை கண்ட தூயவர்' என்று அவன் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. எதிர்த்து நின்றவர் கடைசி நாளில் கையில் கட்டோடு வந்து விலகிக்கொண்டார். வென்ற வயிரவனுக்காக அமைச்சரவையில் பத்தாவதாக ஒரு நாற்காலி போடப்பட்டது.

புதிய அமைச்சரவை பதவியேற்ற நாளில் மன்னர் மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டிக்கொண்டார். தாடையைத் தடவியபடி, "இன்று முகம் மழிக்க மறந்துவிட்டேன். நாவிதர் சோதனை நினைவிருக்கிறதல்லவா? உங்களில் யார் எனக்கு ஒரு இழுப்பு இழுக்கிறீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

பத்துப் பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். பத்துக் கைகள் நீண்டன. நன்னெறிச்செல்வருடைய கை எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது. ஒருவரும் நடுங்கவில்லை.

மன்னர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்துப் பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டார். "இன்று வேண்டாம்" என்றார்.

அது முதல் வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், மன்னரின் பல்லக்கு நல்வழி மாளிகைக்குப் போகிறது. அமைச்சர்களும் மெய்க்காவலர்களும் வெளிவாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். மன்னர் தனியாக உள்ளே போய், சுற்றிலும் திருடர்கள் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும் முற்றத்தில், கல்லில் உட்கார்ந்து, பூவலிங்கத்திடம் கழுத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார். சில நாள் தூங்கியும் போகிறார்.

ஏன் இந்த ஏற்பாடு என்று யாரோ கேட்டதற்கு, அரண்மனை முறைப்படி விளக்கம் வெளியிட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காக என்று அதில் இருந்தது.